இருதயத்திற்கு ஒரு புதுத் தாயத்து

தாயத்துக்கு மதிப்புக் குறைந்து வருகின்றதென்று சந்தோஷப்படுகின்ற தோழர்களுக்கு ஒரு சங்கதி சொல்ல விரும்புகின்றோம். தாயத்து ஒழிந்துவிடவில்லை. அது கையிலிருந்து அவிழ்ந்து புட்டிக்குள் புகுந்துகொண்டிருக்கின்றது. உளுந்தூர்பேட்டை போன்ற ஊர்களிலும் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் "இருதயத்திற்கு நல்லது" என்று மீன் எண்ணெய் மாத்திரை, பூண்டு மாத்திரை, வைட்டமின் மாத்திரை என்பவைகளை நூற்றுக்கணக்கான ரூபாய் கொடுத்து வாங்கி விழுங்குகின்றார்கள்.

வாங்குகின்றவர்களை நாம் பரிகாசம் செய்யவில்லை. வயது ஏற ஏற மாரடைப்பைப் பற்றிப் பயம் வருவது இயற்கையே. அந்தப் பயத்தைக் காசாக்குவதுதான் அயோக்கியத்தனம். புரோகிதன் கிரகத்தைக் காட்டிப் பயமுறுத்தினான். புட்டிக்காரன் கொழுப்பைக் காட்டிப் பயமுறுத்துகின்றான். வித்தியாசம் இவ்வளவுதான்.

புட்டியின் மேலுள்ளதைப் படித்துப் பாருங்கள். "இருதய நோயைத் தீர்க்கும்" என்று போடத் துணிவதில்லை. இருதய நோயைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வது 1954ம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். ஆகவே "இருதயத்திற்குத் துணை" என்று, ஜோசியன் வாக்குப்போல எப்படியும் வளைக்கக்கூடிய வார்த்தையைப் போடுகின்றார்கள். அதே டப்பாவின் ஒரு மூலையில், "மருந்தாக உபயோகிப்பதற்கல்ல" என்று இங்கிலீஷில் அச்சிட்டிருக்கும். அப்படிப் போட வேண்டுமென்பது சர்க்கார் விதி. ஆகவே, இது மருந்தல்ல என்று நாம் சொல்லவில்லை, டப்பாவே சொல்லுகின்றது!

"விஞ்ஞானம் கண்டுபிடித்ததாயிற்றே" என்பார்கள் சிலர். விஞ்ஞானத்தையே கேட்போம். அமெரிக்காவில் ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆன 25,871 பேரில் பாதிப் பேருக்கு மீன் எண்ணெயும், மற்றவர்களுக்கு வெறும் போலி மாத்திரையும் தினம் கொடுத்து ஐந்து வருஷம் கவனித்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இருதய நோயால் சாவு ஆகியவைகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்ததில், இரு சாராருக்கும் சொல்லத்தக்க பேதமில்லையென்று 2018ல் முடிவு வெளியாயிற்று. இருதய நோயைத் தடுக்க வைட்டமின் ஈ சாப்பிட வேண்டாமென்று அந்நாட்டு வைத்திய நிபுணர் குழுவே 2022ல் சொல்லிவிட்டது.

"பலனில்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே" என்பதும் பொய். ஜப்பானில் கொழுப்பைக் குறைப்பதற்கென்று விற்ற சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரையைத் தின்று பலருக்குச் சிறுநீரகம் கெட்டு, கோபயாஷி என்னும் கம்பெனி 2024ல் சரக்கைத் திரும்பப் பெற்றது. "நம் நாட்டு மூலிகையாயிற்றே" என்பவர்களுக்கும் பதில் உண்டு. நோய் தீர்ப்பதாகச் செய்த விளம்பரங்களுக்காக பதஞ்சலி கம்பெனியார் அதே 2024ல் சுப்ரீம் கோர்ட்டிற்கு அஞ்சிப் பத்திரிகைகளில் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. சீமைச் சரக்கோ, சுதேசிச் சரக்கோ, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ருஜு எங்கே?

நமக்குள்ள பெருங்கவலை பணத்தைப் பற்றியதுகூட அல்ல. புட்டி வந்த தைரியத்தில் ஒருவன் ரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்திவிடுவானே, அதுதான் ஆபத்து. ரத்தக் கொதிப்பு வலிக்காது, சத்தம் போடாது, ஒரு நாள் ஆளைச் சாய்த்துவிடும். ருஜுவான அந்த மாத்திரை சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசம். "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற திட்டத்தின்படி 2021 முதல் வீட்டிற்கே வந்து கொடுக்கின்றார்கள். இலவசமாய்க் கிடைப்பதால் அதற்கு மதிப்பில்லை. விலை கொடுப்பதால் புட்டிக்கு மதிப்பு! உண்டியலில் போட்ட பணத்தின் அளவுக்குப் புண்ணியம் என்று நம்பிய புத்திதானே இது?

டாக்டர் பரிசோதித்து, இன்ன சத்துக் குறைவு என்று கண்டு கொடுத்தால் சாப்பிடுங்கள். அது வேறு சங்கதி. மற்றபடி பீடியையும் சாராயத்தையும் விடுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாட்டு உப்பைக் குறையுங்கள். தினம் நடவுங்கள். மீன் எண்ணெய் வேண்டுமானால் சந்தையில் மத்தி மீன் இருக்கின்றது. வெளியூரிலிருந்து பெற்றோருக்குப் புட்டி அனுப்பும் பிள்ளைகள், அந்தப் பணத்தில் ஊருக்கு வந்து அவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் ரத்தக் கொதிப்பைப் பார்க்கட்டும்.

சாமியைப் பற்றியே ருஜு கேட்கத் துணிந்த நாம், புட்டிக்காரனிடம் கேட்க ஏன் கூச வேண்டும் என்று கேட்கின்றோம்.