மூன்றாம் வகுப்பும் புதுக் கம்ப்யூட்டரும்

பள்ளி திறக்கும் ஜூன் மாதம் நெருங்கினால் எனக்கு ஒரே மாதிரியான போன்கள் வரும். இந்த முறை முதலில் பேசியது என் தங்கை. "அண்ணா, பையன் மூணாவது போறான். கம்ப்யூட்டர் வாங்கியாச்சு. அவன் படிப்புக்கு என்னென்ன சாப்ட்வேர் போடணும்னு ஒரு லிஸ்ட் அனுப்புங்க" என்றாள். லிஸ்ட் அனுப்பவில்லை. அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கம்ப்யூட்டரைப் புதிதாக வாங்கி, அதைக் குழந்தையின் படிப்புக்காகத்தான் வாங்கினோம் என்று உறவினர்களிடம் சொல்லிக் கொண்டிருக்கும் உங்களுக்கும் இது பயன்படலாம்.

முதலில் மூன்றாம் வகுப்பில் என்ன மாறுகிறது என்று பார்ப்போம். தமிழக அரசுப் பாடத்திட்டத்தில் முதல் இரண்டு வகுப்புகளில் சூழ்நிலையியல் என்று ஒன்றாக இருந்த பாடம், மூன்றாம் வகுப்பில் அறிவியல், சமூக அறிவியல் எனப் பிரிந்துவிடும். புத்தகத்தில் படம் குறையும், பத்தி நீளும். சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால், என்.சி.இ.ஆர்.டி. 2024ல் மூன்றாம் வகுப்புக்குப் புதிய புத்தகங்களைக் கொண்டு வந்தது. எனவே அண்ணன் அக்காவின் பழைய புத்தகம் உதவாது. எந்தப் பாடத்திட்டமாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். இரண்டாம் வகுப்பு வரை குழந்தை வாசிக்கக் கற்றுக் கொள்கிறது. மூன்றாம் வகுப்பிலிருந்து வாசித்துத்தான் மற்ற எல்லாவற்றையும் கற்றுக் கொள்ள வேண்டும். வாசிப்பில் தடுமாறும் குழந்தைக்கு அறிவியலும் வராது, கணக்கில் வரும் வாக்கியக் கேள்வியும் புரியாது.

அரசுகளும் இந்த வகுப்பைத்தான் எல்லைக் கோடாக வைத்திருக்கின்றன. மத்திய அரசு 2021ல் தொடங்கிய நிபுண் பாரத் திட்டம், மூன்றாம் வகுப்பை முடிக்கும் குழந்தை முன்பின் பார்க்காத ஒரு பகுதியை நிமிடத்திற்கு 60 சொற்கள் வேகத்தில் பொருள் புரிந்து வாசிக்க வேண்டும், 9999 வரை எண்களைப் படிக்கவும் எழுதவும் வேண்டும் என்று இலக்கு வைத்தது. தமிழக அரசு 2022ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் முதலில் 1 முதல் 3 வகுப்புகளுக்கே வந்தது. கொரோனா காலத்தில் பள்ளி மூடியதால் விட்டுப்போனதைப் பிடிப்பதற்காக வந்த திட்டம் அது.

அப்படி விட்டுப்போன குழந்தைகளில் என் மகளும் ஒருத்தி. ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பில் பாதியையும் போன் திரையில் படித்தவள், 2022 ஜூனில் மூன்றாம் வகுப்புக்குப் போனாள். வீட்டில் கம்ப்யூட்டர், பிரிண்டர் எல்லாம் இருந்தன. கம்ப்யூட்டர் பற்றி ஊருக்கே யோசனை சொல்பவனாயிற்றே! பள்ளியில் "தண்ணீர்" என்ற தலைப்பில் ப்ராஜெக்ட் கொடுத்தார்கள். இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தேன். இன்டர்நெட்டில் தேடி, நான்கு தளங்களிலிருந்து காப்பி செய்து, வேர்டில் பேஸ்ட் செய்து, பார்டர் போட்டு, கலர் பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங்கும் செய்து கொடுத்தேன். அவள் தூங்கிக் கொண்டிருந்தாள்.

மறுநாள் ஆசிரியை அதை வாங்கிப் பார்த்துவிட்டு, முதல் பக்கத்தைப் படிக்கச் சொல்லியிருக்கிறார். "நிலத்தடி நீர்மட்டம்" என்ற இடத்தில் நின்றவள் அதற்கு மேல் போகவில்லை. மாலையில் வந்து, "நீ எழுதினதை நீயே வந்து படிச்சுக் காட்டுப்பா" என்றாள். அன்றுதான் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாடப் புத்தகத்தை வாசிக்கச் சொன்னேன். ஐந்து வரி முடிவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. இரண்டு வருடமாக அவளுடைய வீட்டுப்பாட மெசேஜ்களையும் கேள்விகளையும் நான்தான் படித்துச் சொல்லிக் கொண்டிருந்தேன். அதனால் அவளுக்கு வாசிக்க வரவில்லை என்பதே எனக்குத் தெரியவில்லை.

எனவே நீங்கள் முதலில் செய்ய வேண்டியது இந்தச் சோதனையைத்தான். குழந்தை பார்க்காத ஒரு சிறு கதையை வேர்டிலோ, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் ரைட்டரிலோ பெரிய எழுத்தில் வைத்திடுங்கள். எத்தனை சொற்கள் என்பதை விண்டோவின் கீழ்ப்பகுதியிலேயே காணலாம். விண்டோஸ் கிளாக் புரோகிராமில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. ஒரு நிமிடம் ஓட விட்டு, குழந்தை எது வரை வாசித்தது என்று குறித்துக் கொள்ளுங்கள். பிறகு கதையில் என்ன நடந்தது என்று கேளுங்கள். 60 சொற்கள் வரவில்லையே என்று பதற வேண்டாம். ஆங்கிலத்தில் மூன்று சொல்லாக வருவது தமிழில் ஒரே சொல்லாக ஒட்டிக் கொண்டு வரும். "போய்க்கொண்டிருந்தார்கள்" என்பது ஒரே சொல்தானே! ஜூனில் வந்த எண்ணிக்கை அரையாண்டுத் தேர்வுக்குள் கூடுகிறதா என்று பார்த்தால் போதும்.

அடுத்து எழுதுவது. விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ் சென்று, டைம் அண்ட் லாங்குவேஜ் பிரிவில் தமிழைச் சேர்த்து, கீபோர்டாக தமிழ் 99ஐத் தேர்ந்தெடுத்திடுங்கள். விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பார் தட்டினால் தமிழுக்கு மாறும். ஆங்கில எழுத்துகளை அடித்துத் தமிழை வரவழைக்கும் முறை பெரியவர்களான நமக்கு எளிது. எட்டு வயதுக் குழந்தைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 1999ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த தமிழ் 99ல் உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் வலப்பக்கம். க அடித்து இ அடித்தால் கி. பள்ளியில் படிக்கும் உயிர்மெய்ப் பாடம் அப்படியே விரலுக்கு வருகிறது.

நோட்பேடைத் திறந்து தினமும் நான்கு வரி, குழந்தையின் சொந்த வரி, அவ்வளவுதான். நோட்பேடிலும் 2024 முதல் எழுத்துப் பிழை திருத்தும் வசதி வந்துவிட்டது. ஆங்கிலம் எழுதும்போது அதனை செட்டிங்ஸில் நிறுத்தி வைத்திடுங்கள். தவறைக் குழந்தை தன் கண்ணால் பார்க்கட்டும்.

கணக்கிற்கு வருவோம். மூன்றாம் வகுப்பு என்றால் வாய்ப்பாடு. அதை வாயால் சொல்லித்தான் படிக்க வேண்டும், அதற்கு சாப்ட்வேர் தேடாதீர்கள். ஒரு வேடிக்கை மட்டும் காட்டலாம். எக்ஸெல் ஒர்க்ஷீட்டில் ஒரு செல்லில் 7, அதன் கீழ் 14 எனக் குழந்தையை டைப் செய்யச் சொல்லுங்கள். இரண்டையும் தேர்ந்தெடுத்து, கீழ் வலது மூலையில் உள்ள சிறிய கட்டத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால் 21, 28, 35 என்று இறங்கிக் கொண்டே போகும். "ஏழு ஏழா கூடுதுப்பா!" என்று என் மகள் கத்தியது இன்னும் நினைவிருக்கிறது. அடுத்த வாரமே அவள் கால்குலேட்டரையும் கண்டுபிடித்துவிட்டாள். அதை டாஸ்க்பாரிலிருந்து எடுத்துவிட்டேன்.

தமிழக அரசுப் பாடப் புத்தகத்தில் உள்ள கியூ.ஆர். கோடுகளைப் போனில் ஸ்கேன் செய்தால் திக்ஷா தளத்தில் பாட வீடியோக்கள் கிடைக்கும். பாடத்தை ஒருமுறை வாசித்த பிறகு காட்டுங்கள். முன்னாலேயே காட்டினால் பல குழந்தைகள் புத்தகத்தைத் தொடுவதில்லை. கம்ப்யூட்டர் ஹாலில் இருக்கட்டும் என்பதை எல்லாரும் சொல்லிவிட்டார்கள், நானும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது காப்பி, பேஸ்ட் கூடத் தேவையில்லை. "மூன்றாம் வகுப்பு மாணவி எழுதுவது போல் தண்ணீர் பற்றி எழுது" என்று கேட்டால் சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்துவிடும். அதன் விதிமுறைப்படி 13 வயதுக்குக் குறைந்தவர்கள் அதனைப் பயன்படுத்தக் கூடாது. ஆனால் இரவு பத்து மணிக்கு உட்காரப் போவது குழந்தை அல்லவே, நாம்தானே. நம்மைத் தடுக்க எந்த விதியும் இல்லை.

என் மகளின் அடுத்த ப்ராஜெக்ட்டை அவளே டைப் செய்தாள். தலைப்பு "எங்கள் தெரு". ஆறு வரிக்கு முக்கால் மணி நேரம். "தண்ணி லாரி வந்தா அம்மா குடத்தோட ஓடுவாங்க" என்பது அதில் ஒரு வரி. கை துறுதுறுத்தது, கீபோர்டைத் தொடவில்லை. லகர ளகரப் பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்து, போன தடவையை விடக் குறைவாகத்தான் மதிப்பெண் போட்டிருந்தார்கள். எனக்குச் சற்று வருத்தம்தான். மகள் அதைக் கவனிக்கவில்லை. வகுப்பில் நிறுத்தாமல் படித்ததையே சாப்பிடும்போது மூன்று முறை சொன்னாள்.

தங்கை மகனை, அவன் டைப் செய்யும் முதல் பைலை எனக்கு மெயிலில் அனுப்பச் சொல்லியிருந்தேன். நேற்று வந்தது. பெயர், வகுப்பு, ஊர், மூன்றே வரி. அதிலும் ஒரு புள்ளி விட்டுப் போயிருக்கிறது. திருத்தி அனுப்பட்டுமா என்று அம்மா கேட்கிறாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.