குரங்கணி ஏற்றமும் இதயத்தின் கணக்கும்

"ஓடினால்தான் இதயத்துக்குப் பயிற்சி. மற்றதெல்லாம் மனத்திருப்திக்கு." இந்தப் பேச்சு மாநகரங்களைத் தாண்டிப் போடிநாயக்கனூர் வரை வந்துவிட்டது. பேச்சு தவறு என்பதைவிட, அது செய்யும் கெடுதல்தான் என்னை எழுத வைக்கிறது. இந்த ஊரில் ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண்கள் நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்க்கிறார்கள். ரத்தக்கொதிப்பு, சர்க்கரை என்று வரும்போது "ஓடுங்கள்" என்றால், நாற்பத்தைந்து வயதில், சேலையோடு, வலிக்கிற முழங்காலோடு எந்தத் தெருவில் ஓடுவது? ஓட முடியாது என்று தெரிந்ததும், வேறு எதையும் தொடங்காமலே விட்டுவிடுகிறார்கள்.

நாடித்துடிப்பைப் போதிய அளவு உயர்த்த ஓட்டத்தால் மட்டுமே முடியும் என்பது இந்தக் கட்சியின் முதல் வாதம். இதற்குப் பதில் ஒவ்வொரு பெரிய மருத்துவமனையிலும் இருக்கிறது. நெஞ்சுவலி என்று போனால் டி.எம்.டி. எடுக்கச் சொல்கிறார்களே, அந்த டிரெட்மில் சோதனைதான். உலகெங்கும் அதிகம் பின்பற்றப்படுவது அமெரிக்க மருத்துவர் ராபர்ட் புரூஸ் வகுத்த முறை. அதில் நோயாளியை எடுத்த எடுப்பில் ஓடவிடுவதில்லை. மணிக்கு 2.7 கிலோமீட்டர் என்ற ஆமை வேகத்தில் தொடங்குகிறார்கள். ஆனால் பட்டை 10 சதவீதம் சரிந்திருக்கும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் கூடும். மூன்றாம் கட்டத்தில் வேகம் 5.5 கிலோமீட்டர், சரிவு 14 சதவீதம். அது வேக நடைதான், ஓட்டமல்ல. அந்தக் கட்டத்தை முடிப்பவரின் உடல், சும்மா உட்கார்ந்திருக்கும்போது செலவாவதைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு ஆக்சிஜனைச் செலவிடுகிறது. சமதரையில் மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஓடுபவருக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் ஆகும். இதயத்தைச் சோதிக்க மருத்துவர் நம்புவது மேட்டை. அதை வலுப்படுத்த மட்டும் மேடு உதவாது என்பது என்ன நியாயம்?

மேட்டுக்கு நாம் எங்கும் போக வேண்டியதில்லை. குரங்கணியிலிருந்து சென்ட்ரல் வழியாக டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். மூணாறுத் தேயிலை ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கிய காலத்தின் பெயர்கள் இவை. அடிவாரத்துக்கும் உச்சிக்கும் இடையே உயர வித்தியாசம் ஆயிரம் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் தன் உடலை அவ்வளவு உயரம் தூக்கிச் செல்ல, நம் தசைகளின் திறன் நான்கில் ஒரு பங்கு என்று கொண்டால், சுமார் 560 கிலோகலோரி செலவாகும். அதே ஆள் சமதரையில் ஒரு கிலோமீட்டர் ஓடினால் ஆகும் செலவு 60 கிலோகலோரி அளவில்தான். ஆக, அந்த ஏற்றம் மட்டுமே ஒன்பது கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமம். பாதையின் நீளத்தை நடக்க ஆகும் செலவை இதில் நான் சேர்க்கவே இல்லை. முழு மலையும் ஏற வேண்டும் என்று சொல்லவில்லை. பத்தில் ஒரு பங்கு ஏறினாலும் கணக்கு அதே விகிதத்தில் நிற்கும்.

இறக்கம் வீண் என்பார்கள். அதுவும் சரியல்ல. ஆஸ்திரியாவின் ஆல்ப்ஸ் மலையில் கேபிள் கார் உதவியோடு, ஒரு காலகட்டம் ஏற மட்டும், இன்னொரு காலகட்டம் இறங்க மட்டும் வைத்து ஆய்ந்தார்கள். ஏறியபோது ரத்தத்தில் டிரைகிளிசரைடு குறைந்தது. இறங்கியபோது சர்க்கரையைக் கையாளும் திறன் கூடியது. ஆனால் முழங்கால் தேய்ந்தவர்களுக்கு இறக்கம்தான் வலி. அவர்கள் மெதுவாக, கம்பு ஊன்றி இறங்கட்டும்.

அடுத்த வாதம், ஆய்வுகள் எல்லாம் ஓட்டத்தைத்தான் ஆதரிக்கின்றன என்பது. உடலுழைப்பையும் மாரடைப்பையும் இணைத்துக் காட்டிய முன்னோடி ஆய்வில் ஓடியவர் யாருமே இல்லை. 1953இல் ஜெரமி மாரிஸ் லண்டன் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்து வெளியிட்டது அது. ஓட்டுநர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். நடத்துநர்கள் மாடிப் பேருந்தில் நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் ஏறினார்கள். மாரடைப்பு நடத்துநர்களிடம் கணிசமாகக் குறைவு. ஓட்டுநர்கள் வேலையில் சேரும்போதே பருமனானவர்கள் என்ற ஆட்சேபம் எழுந்தது. அதில் உண்மையும் உண்டு. ஆனால் தபால்காரர்களையும் மேசை எழுத்தர்களையும் ஒப்பிட்டபோதும் நடந்தும் சைக்கிளிலும் போனவர்கள் பக்கமே நன்மை இருந்தது.

அண்மைக்கு வருவோம். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் 80,000க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்த ஆய்வு 2016இல் வெளியானது. டென்னிஸ், பாட்மிண்டன் போன்ற மட்டை விளையாட்டு ஆடியவர்களிடம் இறப்பு விகிதம் 47 சதவீதமும் நீந்தியவர்களிடம் 28 சதவீதமும் குறைவாக இருந்தது. ஓடியவர்களிடம் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை. இதை வைத்து ஓட்டம் பயனற்றது என்று நான் சொன்னால் அது அநியாயம். 2014இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், நாளுக்கு ஐந்து, பத்து நிமிடம் ஓடியவர்களுக்கும் நல்ல பலன் தெரிந்தது. ஓட்டம் நல்ல பயிற்சி. ஒரே பயிற்சி அல்ல.

ஓடினால் மூட்டு தேயும் என்று மறுபக்கத்தில் சொல்லப்படும் பொய்யையும் நான் துணைக்கு அழைக்க மாட்டேன். அளவோடு ஓடுபவர்களிடம் மூட்டுத் தேய்மானம், சும்மா இருப்பவர்களைவிடக் குறைவாகவே காணப்படுகிறது. காவலர் தேர்வுக்குப் பயிற்சி எடுக்கும் இளைஞர்கள் ஓடத்தான் வேண்டும். 1500 மீட்டர் ஓட்டத்துக்குப் படியேறி மட்டும் தயாராக முடியாது. எலும்புக்கு வலு வேண்டுமென்றால் நீச்சலும் சைக்கிளும் போதாது, பாதம் தரையில் பதியும் நடை, படியேற்றம், கயிறு தாண்டல் என்று எதையாவது சேர்க்க வேண்டும்.

எவ்வளவு என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு இருக்கிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமாக, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையாக. கடிகாரம் வேண்டாம். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதம். நாலு வார்த்தைக்கு மேல் மூச்சு வாங்குகிறது என்றால் கடுமை. அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு நாடித்துடிப்பை எண்ணுவது தப்பான கணக்கைத் தரும். அவர்களுக்கு இந்த மூச்சுக் கணக்கே சரி.

குரங்கணி என்றதும் 2018 மார்ச் 11 நினைவுக்கு வராத தமிழர் இருக்க முடியாது. அன்று மூண்ட காட்டுத்தீயால் 23 உயிர்கள் போயின. எனவே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். வனத்துறை அனுமதியில்லாமல், காய்ந்த புல் நிற்கும் கோடையில், உடற்பயிற்சி என்ற பெயரில் யாரும் காட்டுக்குள் போகக் கூடாது. இதயத்துக்கு வேண்டியது சரிவு. அது தார்ச்சாலை மேட்டிலும் உண்டு, மூன்று மாடிப் படிக்கட்டிலும் உண்டு.

மருத்துவர்களுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இது: உங்கள் முன்னால் வந்து நிற்பவரிடம் "ஓடுங்கள்" என்று சொல்வதற்கு முன், அவர் வீட்டுப் பக்கம் மேடு இருக்கிறதா, படி இருக்கிறதா, சைக்கிள் இருக்கிறதா என்று கேளுங்கள். இருப்பதை வைத்து, மூச்சு வாங்கும் அளவுக்கு, வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் செய்யச் சொல்லுங்கள். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம் வருகிறது என்பவரை மட்டும் முதலில் சோதித்துவிட்டு அனுப்புங்கள்.