பறவைக்கும் பங்குள்ள தோட்டம்

குளிர்காலம் வந்துவிட்டால் பிரிட்டனின் வீட்டுத் தோட்டங்கள் களையிழந்து போகும். இலைகள் உதிர்ந்துவிடும், பூக்களைக் காண்பது அரிது, டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருள் சூழும். அந்நாள்களில் கண்ணுக்கு விருந்தாவன கனி தாங்கி நிற்கும் சில மரங்களே. அங்குக் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களுக்கும் பயன்படும் என்பதால், அவற்றுள் மூன்றை இங்கே காண்போம்.

முதலாவது, ஹாலி. இலையுதிராத இம்மரத்தின் பளபளக்கும் கரும்பச்சை இலைகளிடையே செந்நிறக் கனிகள் திரண்டிருக்கும். பேரீச்சையிலும் பனையிலும் உள்ளதைப் போன்றே இதிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காய்ப்பது பெண் மரமே. அருகில் ஆண் மரம் ஒன்றும் வேண்டும். பெயரை நம்பி வாங்குவோர் ஏமாறுவர். ஏனெனில் 'கோல்டன் கிங்' என அரசன் பெயர் பூண்டது பெண். 'சில்வர் குயின்' என அரசி பெயர் பூண்டது ஆண்! இடம் குறைந்தோர், தனித்தே காய்க்கும் 'ஜே.சி. வான் டால்' வகையை நடலாம்.

இரண்டாவது, ரோவன். கோடை முடியும்போதே இதில் செங்கனிகள் கொத்துக் கொத்தாய்ப் பழுக்கும். பறவைகள் விரைவில் அவற்றைத் தீர்த்துவிடும். 'ஜோசப் ராக்' என்னும் வகையின் மஞ்சள் கனிகள் சற்றுக் கூடுதல் நாள் நிற்கும்.

மூன்றாவது, கிராப் ஆப்பிள். இதன் 'ரெட் சென்டினல்' வகையில் சிறு செம்பழங்கள் புத்தாண்டு கடந்தும் உதிராமல் இருக்கும். பச்சையாய் உண்ண இயலாத புளிப்பாயினும், ஜெல்லி செய்வதற்கு ஏற்றவை.

கனி தீர்ந்ததும் அழகு போயிற்றே என வருந்துவோர் உண்டு. ஆனால், அந்த நிறம் நமக்காக மட்டும் அமைந்ததன்று. அது பறவைக்கு விடுக்கப்படும் அழைப்பு. கனியை உண்ட பறவை விதையைத் தொலைவிற் கொண்டு சேர்க்கிறது. இலையுதிர் காலத்தில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து ரெட்விங், ஃபீல்ட்ஃபேர் என்னும் பூங்குருவிகள் கடல் கடந்து வருகின்றன. நிலம் உறைந்து புழு கிடைக்காத நாளில் இக்கனிகளே அவற்றின் ரிஸ்க். 1962-63ஆம் ஆண்டின் கடுங்குளிரில் பிரிட்டனில் எண்ணற்ற பறவைகள் மடிந்தன. மிஸில் திரஷ் என்னும் மற்றொரு பூங்குருவி, ஒரே ஹாலி மரத்தைத் தனதாக்கிக்கொண்டு, பிற பறவைகளை அண்டவிடாமல் குளிர்காலம் முழுதும் காவல் காப்பதுண்டு. ஒரு மரத்துக் கனி ஓர் உயிருக்கு எத்துணை இன்றியமையாதது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆகவே, கனி நிறைந்த கிளைகளை இலையுதிர் காலத்தில் வெட்டிச் சீர்செய்யாதீர்கள். கனி தீர்ந்த பின்பு, பறவைகள் கூடு கட்டத் தொடங்குமுன் வெட்டுங்கள். இன்னொன்றும் நினைவிலிருக்கட்டும்: பறவைக்கு உணவாகும் ஹாலிக் கனி, குழந்தைகளுக்கு வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். அவர்கள் விளையாடுமிடத்திற்கு அப்பால் அதனை நடுவதே நலம்.

நாம் நட்டதைப் பறவை உண்டாலும் அது தர்மமே என்பதை அறிந்தவர்கள் நாம். வெறுங்கிளையைக் கண்டு வருந்துவானேன்? அக்கனிகள் உரியவர்களைச் சென்றடைந்துவிட்டன.