ஊரை விழுங்கியவர் யார்?

நெடுவழியில் மகிழுந்து ஒன்று பழுதாகி நிற்கின்றது. உள்ளிருப்போர் நகர மாந்தர். இருள் சூழ்கின்றது. தொலைவில் ஒரு சிற்றூரின் விளக்கொளி தெரிகின்றது. அவ்வூர்க்குள் சென்றவர் மீள்வதில்லை.

இக்கதையை எத்தனைத் திரைப்படங்கள் எத்தனை வகையாகச் சொல்லிவிட்டன! பெருநிறுவனங்களின் பணவலிமையின்றிச் சிறுபொருள் கொண்டு படமெடுப்போர்க்கு இஃது எளிதிற் கிட்டிய கதைப்பொருள். ஒரு சாலை, ஓர் ஊர், சில நடிகர், அவ்வளவே வேண்டுவது. ஆயின், அச்சத்தை விற்கும் இப்படங்கள் அச்சத்தோடு சேர்த்து வேறொன்றையும் நம் நெஞ்சில் ஊன்றிவிடுகின்றன. தொலைவில் வாழ்வோர் கொடியர். நகரத்திலிருந்து வருவோர் சூதறியார் என்பதே அது. இது பொய். பொய் மட்டுமன்று, வரலாற்றையே தலைகீழாய்க் கவிழ்த்துவைக்கும் வன்பொய்.

ஆசுத்திரேலியாவில் 2005ஆம் ஆண்டு வெளிவந்த 'உல்ஃப் கிரீக்கு' என்னும் படத்தை எடுத்துக்கொள்வோம். கிரெக்கு மெக்லீன் குறைந்த செலவில் இயக்கியது. மேற்கு ஆசுத்திரேலியப் பாலையில், விண்கல் விழுந்து குழிந்த பெரும்பள்ளத்தைக் காணச் சென்ற மூன்று இளைஞரின் மகிழுந்து இயங்காமற் போகின்றது. உதவ வருபவன்போல் வரும் காட்டுப்புறத்தான் அவர்களைக் கொடுமைக்குள்ளாக்குகின்றான். உண்மை நிகழ்ச்சிகளைத் தழுவியது என்று விளம்பரஞ் செய்தனர். அவ்வுண்மை யாது? படத்திற்குத் தூண்டுதலாகச் சொல்லப்பெற்றவற்றுள் முதன்மையானவை ஐவான் மிலாட்டு செய்த கொலைகள். வழிப்போக்கரான இளைஞர் எழுவரைக் கொன்றதாக 1996இல் தண்டிக்கப்பெற்றவன் அவன். கொலையுண்டோரின் உடல்கள் கிடைத்த பெலாங்குலோ காடு எங்கோ பாலை நடுவில் இல்லை. சிட்னி மாநகரிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணிநேர மகிழுந்துச் செலவிலேயே உள்ளது! நடுப்பாலைச் சாலையில் 2001இல் நடந்த கொலையொன்றும் அப்படத்திற்குத் தூண்டுதலே. அதை நாம் மறைக்கவில்லை. ஆயினும், மாநகரின் வாயிலிலேயே நடந்த கொடுமையை நெடுந்தொலைவுப் பாலைக்குத் தூக்கிச் சென்று நட்டது எதற்காக? அப்பள்ளத்திற்கு அந்நிலத்துத் தொல்குடியாராகிய சாரு மக்கள் வழங்கும் பெயர் 'கண்டிமலால்'. வந்தேறிகள் இட்ட பெயரே படத்தின் பெயராயிற்று. அப்பெயரைக் கேட்டால் இன்று உலகம் நடுங்குகின்றது. நிலம் அவர்களுடையது, பழியோ நிலத்தின்மேல்!

இவ்வகைப் படங்களுள் ஓரளவு நேர்மையுடைய ஒன்றும் உண்டு. பின்னாளில் உலகப்புகழ் பெற்ற பீட்டர் வியர், 1974இல் தம் முதல் முழுநீளப் படமாக எடுத்த 'பாரிசைத் தின்ற மகிழுந்துகள்' அது. இப்பாரிசு பிரெஞ்சு நாட்டுத் தலைநகரன்று. ஆசுத்திரேலிய மலைப்புறத்துச் சிற்றூர். அவ்வூரார்க்கு உழவில்லை, தொழிலில்லை. சாலையில் வரும் உந்துகளைத் திட்டமிட்டுக் கவிழ்ப்பதே அவர்கள் பிழைப்பு. கவிழ்ந்த உந்தின் உருளைகளும் உறுப்புகளும் ஊரின் பண்டமாற்றுப் பொருள்களாகின்றன. உயிர் பிழைத்தோர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பெற்று, மூளை துளைக்கப்பட்டுப் பேச்சற்ற நடைப்பிணங்களாக்கப்படுகின்றனர். ஆர்தர் என்னும் ஒருவன் தன் உடன்பிறந்தானை அங்கு இழந்து, ஊரைவிட்டு வெளியேற வழியின்றித் தங்கிவிடுகின்றான். ஊர்த்தலைவன் அவனைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்கின்றான். அவன் மகள்களாக வளரும் சிறுமியரும் முன்பு அவ்வாறு கவிழ்க்கப்பெற்ற உந்துகளில் வந்த பிள்ளைகளே! கொன்றவனே தந்தை, கொள்ளையே குடும்பம்.

இத்தகைய ஊர் ஆண்டுதோறும் ஒரு விழா எடுக்கின்றது. எதற்கு? ஊரை முதலில் நிறுவிய முன்னோடிகளின் பெருமையைப் போற்றுதற்கு! முன்னோரைப் போல் உடையணிந்து ஆடிப்பாடும் அவ்விரவிலேதான், ஊர் இளைஞர் கூர்முட்கள் பொருத்திய மகிழுந்துகளால் தம் ஊரையே இடித்து நொறுக்குகின்றனர். கொள்ளையில் வளர்ந்த பிள்ளைகள் கொள்ளையடித்த வீட்டையே கொளுத்துவர் என்னும் பாடம் அங்கு ஐயத்திற்கிடமின்றிச் சொல்லப்படுகின்றது. அந்த அளவில் வியரைப் பாராட்டத் தயங்கோம்.

ஆனால், அப்படம் எடுக்கப்பெற்ற இடம் எது? நியூ சவுத்து வேல்சில், பேத்தர்சுட்டு நகர்க்கு வடக்கே தூரோன் ஆற்றங்கரையிலுள்ள சோபாலா என்னும் சிற்றூர். 1851இல் அங்குப் பொன் கிடைத்தபோது பல்லாயிரவர் ஓடிவந்து குவிந்த இடம். அந்நிலம் விராட்யுரி மக்களின் நிலம். படத்தின் கதையோட்டத்தில் அம்மக்களுக்கு இடமில்லை. முன்னோடிகளின் விழாவை எள்ளி நகையாடத் தெரிந்த படத்திற்கு, அம்முன்னோடிகள் யாரை விழுங்கினர் என்று கேட்கத் தெரியவில்லை!

நாம் கேட்போம். 1813இல் நீலமலைத் தொடரை வெள்ளையர் மூவர் கடந்து வந்தனர். 1815இல் பேத்தர்சுட்டு நிறுவப்பெற்றது. வழிப்போக்கராய் வந்தவர்கள் நிலக்கிழாராயினர். குடியேறி ஒருவன் விராட்யுரி மக்களுக்கு உருளைக்கிழங்கு கொடுத்தான். மறுநாள் அவர்கள் தம் நிலத்தில் விளைந்ததைத் தாமே தோண்டியெடுக்க வந்தபோது துமுக்கியால் சுடப்பட்டனர் என்றொரு செய்தி அப்பகுதியில் வழங்குகின்றது. விண்டிராடைன் என்னும் தலைவன் எதிர்த்தெழுந்தான். 1824 ஆகத்துத் திங்கள் 14ஆம் நாள் ஆளுநர் தாமசு பிரிசுபேன் படைச்சட்டம் பிறப்பித்தார். விண்டிராடைனைப் பிடித்துத் தருவோர்க்கு 500 ஏக்கர் நிலம் பரிசென அறிவிக்கப்பட்டது. அவன் நிலத்தைப் பறித்தவர்கள், அவன் தலைக்கு விலையாகவும் அந்நாட்டு நிலத்தையே வைத்தனர்! அவ்வாண்டு திசம்பர்த் திங்களில் அவன் தன் மக்களோடு பரமட்டா நகர்க்கு நடந்து சென்று ஆளுநர்முன் நின்றான். அவன் தலையில் 'அமைதி' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல் எழுதிய வைக்கோல் தொப்பி இருந்தது. தன் மொழியில் அமைதி கேட்கும் உரிமைகூட அவனுக்கு எஞ்சவில்லை.

இப்பொழுது சொல்லுங்கள். திரையிலே ஊர் வழிப்போக்கரை விழுங்குகின்றது. வரலாற்றிலோ வழிப்போக்கரே ஊரை விழுங்கினர். எது உண்மை? எதைக் கண்டு நாம் அஞ்சுதல் வேண்டும்?

'பொழுதுபோக்குப் படத்தின்மேல் ஏன் இத்துணை வரலாற்றுச் சுமையை ஏற்றுகின்றீர்?' என்று வினவுவர் சிலர். சுமையை ஏற்றியவர் நாமல்லோம். அந்நிலத்தைத் தேர்ந்தவர், அந்த ஊரைக் காட்டியவர், முன்னோடி விழாவைக் கதையில் வைத்தவர் படமெடுத்தோரே. ஆளில்லா நிலம் என்பது ஒரு பொய்யென்று மாபோ வழக்கில் ஆசுத்திரேலிய உயர்வழக்குமன்றம் 1992இல் தீர்ப்பளித்தற்கு இரண்டு நூற்றாண்டுகள் கடந்திருந்தன. அத்தனைக் காலம் அப்பொய் வாழ்ந்தது சட்டத்தால் மட்டுமோ? பாட்டாலும் படத்தாலும் கதையாலுந்தான். ஆளில்லா நிலமெனக் காட்டுவதும், ஆளிருந்தால் அவன் பேயெனக் காட்டுவதும் ஒரே கையின் இரண்டு விரல்கள். வியரும் இதை உணராமலில்லை போலும். 1977இல் அவர் எடுத்த 'கடைசி அலை'யில் தொல்குடியார் கதையின் நடுவிடத்தில் வைக்கப்பெற்றனர். எனினும், அங்கும் வெள்ளை வழக்கறிஞன் ஒருவனின் கண்வழியாகவே நாம் அவர்களைக் காண்கின்றோம்.

பாரிசு ஊர் மருத்துவமனையில் மூளை துளைக்கப்பெற்றுப் பேச்சிழந்து கிடந்தோரை மீண்டும் நினைத்துப் பாருங்கள். அது வெறுங்கற்பனையோ? விராட்யுரி முதியவரான இசுட்டான் கிராண்டு தம் இளமை நிகழ்ச்சியொன்றைச் சொல்லியுள்ளார். தெருவில் தம்மை விராட்யுரி மொழியில் அழைத்ததற்காக அவருடைய தாத்தா காவலரால் பிடிக்கப்பெற்றுச் சிறையில் அடைக்கப்பட்டார். தாய்மொழியிற் பேரனை அழைத்தது குற்றம்! நாவை அறுக்காமலே ஓரினத்தை ஊமையாக்கிய கரணியம் இதுவே. இதைவிட நடுங்கவைக்கும் காட்சியை எந்த அச்சப்படம் காட்டியுள்ளது?

ஆயினும் அம்மொழி சாகவில்லை. அப்பேரனே வளர்ந்து, சான் இரட்டர் என்னும் மொழியறிஞரோடு சேர்ந்து அகரமுதலியும் இலக்கணமும் படைத்தார். இன்று பள்ளிகளிலும், சார்லசு சுடர்ட்டு பல்கலைக்கழகத்திலும் விராட்யுரி கற்பிக்கப்பெறுகின்றது. கவிழ்க்கப்பெற்ற ஊர்தியிலிருந்து ஒருவர் உயிரோடு எழுந்து வந்து, தம் பெயரைத் தம் மொழியிற் சொல்லியிருக்கின்றார்.

தாய்மொழியை உயிரினும் மேலாகப் போற்றுவோரே! இனி இவ்வகைப் படமொன்றைக் காணுங்கால், கொடியவன் எப்போது வருவான் என்று காத்திராதீர்கள். இந்நிலம் யாருடையது, இவ்வூர்க்குப் பழம்பெயர் யாது, அதைச் சொல்லத் தெரிந்த நா எங்கே என்று கேளுங்கள். விடை சொல்லாத படம் எதுவாயினும், அதுவும் சாலை வளைவில் காத்திருந்து ஊர்தி கவிழ்க்கும் கூட்டத்தைச் சேர்ந்ததே.