வாயால் சொல்ல முடியாத சாவி

அலிபாபா கதை எல்லோருக்கும் தெரியும். திருடர்களின் குகைக்குப் பூட்டு கிடையாது. சாவியும் கிடையாது. ஒரு மந்திரச் சொல்தான் உண்டு. திருடர் தலைவன் அதைச் சொன்னான், குகை திறந்தது. மறைந்திருந்த அலிபாபா அதைக் கேட்டான். அவன் சொன்னபோதும் குகை திறந்தது!

சொன்னவன் யார் என்று குகை பார்க்கவில்லை. சொல் சரிதானா என்று மட்டுமே பார்த்தது. அலிபாபாவின் அண்ணன் காசிம் உள்ளே போனான். சொல்லை மறந்தான். உயிரை இழந்தான்.

இன்றைய "பாஸ்வேர்டு" அந்த மந்திரச் சொல்தான். அதைத் தெரிந்துகொண்ட எவனும் பாங்கிக் கணக்கில் நுழையலாம். மறந்துவிட்டால், பணத்துக்குச் சொந்தக்காரரே வெளியே நிற்க வேண்டும்.

பழைய நோய்

இது இன்று வந்த நோய் அல்ல. அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற கல்விக்கூடத்தில் ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பயன்படுத்தினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பாஸ்வேர்டு இருந்தது. இவ்வளவு நேரம்தான் என்ற கணக்கும் இருந்தது. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு அந்த நேரம் போதவில்லை. 1962-ம் ஆண்டில், எல்லோருடைய பாஸ்வேர்டும் இருந்த பட்டியலையே அவர் அச்சடித்து எடுத்துவிட்டார்!

சொல்லக் கூடிய ரகசியம் எதுவானாலும் வெளியே போகும். போனில் வரும் "ஓ.டி.பி." எண்ணும் அப்படித்தான். "பாங்கியில் இருந்து பேசுகிறேன்" என்று ஒருவன் நயமாகப் பேசினால் போதும். படித்தவர்களும் சொல்லிவிடுகிறார்கள்.

எஸ்டோனியாவின் வழி

ஐரோப்பாவில் எஸ்டோனியா என்ற சிறிய நாடு இருக்கிறது. ஜனத்தொகை சுமார் 13 லட்சம். அந்த நாட்டு அரசாங்கம் 2002-ம் ஆண்டு முதல் மக்களுக்கு ஓர் அடையாள அட்டை கொடுத்து வருகிறது. அட்டையில் ஒரு சிறு "சிப்" இருக்கும். அதற்குள் ஒரு ரகசியச் சாவி உண்டு. அதற்கு ஜோடியாக வெளிச்சாவி ஒன்றும் உண்டு. "இந்த வெளிச்சாவி இன்னாருடையது" என்று அத்தாட்சி ஒன்றும் அதில் இருக்கிறது.

பாங்கிக் கணக்கில் நுழையும்போது என்ன நடக்கிறது? பாங்கியின் கம்ப்யூட்டர் ஒரு புதுக் கேள்வியை அனுப்பும். அட்டை தன் ரகசியச் சாவியால் அதற்குக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பும். வெளிச்சாவியை வைத்துப் பாங்கி அதைச் சரி பார்க்கும். அடுத்த முறை கேள்வி வேறு, பதிலும் வேறு. ஆகவே, பழைய பதிலை ஒருவன் திருடினாலும் அது செல்லாக் காசு.

ரகசியச் சாவி அட்டையை விட்டு வெளியே வருவதே இல்லை. அது என்ன என்று அட்டைக்காரருக்கே தெரியாது. தெரியாததை எப்படிச் சொல்ல முடியும்? அட்டைக்கு ஒரு சிறு எண் உண்டு. அட்டை கையில் இல்லாதவனுக்கு அந்த எண் மட்டும் பயன்படாது. மூன்று முறை தப்பாகப் போட்டால் எண் முடங்கிவிடும்.

குறையே இல்லையா?

உண்டு. 2017-ம் ஆண்டில் அந்த அட்டைகளின் சிப்பில் ஒரு பலவீனத்தை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். சுமார் 7½ லட்சம் அட்டைகளில் அது இருந்தது. அரசாங்கம் அதை மூடி மறைக்கவில்லை. நவம்பர் 3-ந்தேதி நள்ளிரவில் அந்த அத்தாட்சிகளை நிறுத்தி வைத்தது. மக்கள் புது அத்தாட்சி வாங்கிக் கொண்டார்கள். அட்டைகள் மறுபடியும் வேலை செய்தன.

அத்தாட்சியை ரத்து செய்யலாம். திருடன் காதில் விழுந்த சொல்லைத் திரும்பப் பிடுங்க முடியாது. இதுதான் வித்தியாசம்.

செல்போனிலும் வந்துவிட்டது

ஆப்பிள், கூகுள், மைக்ரோசாப்ட் ஆகிய கம்பெனிகள் இதே தத்துவத்தைச் செல்போனுக்குக் கொண்டு வந்திருக்கின்றன. இதன் பெயர் "பாஸ்கீ". இதில் அரசாங்க அத்தாட்சி இல்லை. ஆனால் ஜோடிச் சாவி உண்டு. விரல் ரேகையை வைத்தால் போன் பதில் சொல்லும். ரேகை வெளியே போகாது. சாவி அந்தந்தத் தளத்துக்கு மட்டுமே பதில் தரும். பாங்கியைப் போலவே வேஷம் போட்ட பொய்த் தளத்துக்கு அது வாய் திறக்காது!

ஒன்றை மறக்கக் கூடாது. பொய்யை நம்பி ஒருவர் தாமே பணம் அனுப்பினால் எந்தச் சாவியும் காப்பாற்றாது. முன் வாசலுக்கு இரும்புக் கதவு போட்டுவிட்டு, "மறந்துவிட்டேன்" என்பவனுக்குப் பழைய பாஸ்வேர்டில் பின் வாசலைத் திறந்து விட்டாலும் பயன் இல்லை.

"யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று ஜனங்களுக்குப் புத்தி சொல்வது மட்டும் பாங்கிகளின் கடமை அல்ல. சொல்வதற்கு எதுவுமே இல்லாத பூட்டைக் கொடுக்க வேண்டும். புதுப் போன் இல்லாத முதியவருக்கு அட்டை கொடுக்க வேண்டும். அது தொலைந்தால், உடனே நிறுத்தவும் வேறு வாங்கவும் பக்கத்திலேயே வசதி வேண்டும்.

பென்ஷன் பணம் ஒரு கிழவரின் ஞாபகசக்தியை நம்பி இருக்கக் கூடாது. நல்ல பூட்டை நம்பி இருக்க வேண்டும்.