பழைய யெஸ்டியின் புதிய சைலன்சர்

பழைய மோட்டார் சைக்கிள்களைச் சீர்செய்து பேணும் ஆர்வம் பலரிடமும் பெருகியிருக்கிறது. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால் இந்தச் சீர்திருத்தத்தில் முதற்பலி ஆவது சைலன்சர் என்பதைத் தொடர்ந்து கவனித்து வருகிறோம். துருவேறிச் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை விழுந்தால் போதும். கழற்றிப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டு, கடையில் பளபளவென்று தொங்கும் ஒன்றை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். யெஸ்டி, பழைய ஜாவா வண்டிகளைப் பொறுத்தவரையிலேனும் இது பிழையான வழி என்பது எங்கள் கருத்து. ஒட்டுப்போட இயலும்வரை ஒட்டுத்தான் போட வேண்டும்.

பழமையின் மீதுள்ள பற்றினால் இதைச் சொல்லவில்லை. இவை டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் புகை போகும் வழியை ஒரு வால்வு திறந்து மூடுகிறது; இவற்றில் அந்த வால்வு கிடையாது. பிஸ்டன் கீழிறங்குகையில் புகைவழி முதலில் திறக்கிறது. அடுத்த கணமே புதிய பெட்ரோல் கலவை உள்ளே வரும் வழியும் திறந்துகொள்கிறது. ஆக, சற்று நேரம் இரண்டு வாசல்களும் திறந்தே கிடக்கின்றன. தலைவாசலில் நுழைந்த விருந்தாளி கொல்லைப்புறமாக வெளியேறிவிடுவது போல, எரியாத கலவையில் ஒரு பகுதி புகையோடு போய்விடும். அதை ஓரளவேனும் தடுத்து நிறுத்துவது, குழாய்க்குள் சென்று மோதித் திரும்பும் அழுத்த அலை. குழாயின் நீளம், சைலன்சர் வயிற்றின் கொள்ளளவு, உள்ளே செருகியிருக்கும் துளைக்குழாயின் அமைப்பு இவற்றைப் பொறுத்தே அந்த அலை திரும்பும் நேரம் அமையும். பெயர்தான் சைலன்சர், உண்மையில் அது எஞ்சினின் ஓர் உறுப்பு. வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்து அடித்த நகலில் இந்தக் கணக்கு தப்பிவிடுகிறது. வண்டி ஓடும், ஆனால் இழுக்காது. பழியோ கார்புரேட்டர் மேல் விழும்.

மைசூரிலிருந்த ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டது. 2018-இல் ஜாவா என்ற பெயரும் 2022-இல் யெஸ்டி என்ற பெயரும் மீண்டும் சாலைக்கு வந்தன. எனினும் அவை ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள். அவற்றின் சைலன்சர் பழைய வண்டிக்குப் பொருந்தாது. ஆகவே தொழிற்சாலையிலிருந்து வந்த பழைய சைலன்சர்களின் எண்ணிக்கை இனிக் குறையுமே தவிரக் கூடாது. அதிலும் யெஸ்டி 250-க்கு ஒரே சிலிண்டரிலிருந்து இரண்டு குழாய்கள். (இரட்டைச் சைலன்சரைக் கண்டு இரட்டைச் சிலிண்டர் என்று சிறுவயதில் அடித்துப் பேசியவர்கள் எங்கள் குழுவிலேயே உண்டு.) வலப்புறம் நகலும் இடப்புறம் அசலுமாக மாட்டினால், ஒரே எஞ்சின் இரண்டு விதமாக மூச்சுவிட வேண்டியதாகிறது.

துரு பிடிக்கும் விதமும் வண்டிக்கு வண்டி வேறுபடும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. கடைத்தெருவரை மட்டுமே போய்வரும் புல்லட்டில் சைலன்சர் முழுச் சூடு ஏறுவதே இல்லை. நீர் உள்ளேயே குளிர்ந்து தங்கி, அமிலத்தோடு சேர்ந்து உட்புறத்திலிருந்து அரிக்கிறது. யெஸ்டியில் பெட்ரோலோடு கலந்த எண்ணெய் உட்சுவரில் கரியாகவும் பிசுக்காகவும் படிந்து ஓரளவு காக்கிறது. அங்கே துருவுக்கு வெளிப்புறமே வாசல்: சேறு படியும் அடிவயிறு, தாங்கிப் பட்டை பற்றவைக்கப்பட்ட இடம், குரோம் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள். ஆகையால் ஓட்டையை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. திருப்புளியின் கைப்பிடியால் சுற்றிலும் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்ற இடத்தில் தகடு இருக்கிறது. பொத்தென்ற இடத்தில் துருவோ கரியோ இருக்கிறது.

ஒட்டுப்போடுவதிலும் ஒழுங்கு உண்டு. எம்சீல் வைத்து அடைப்பது அந்தச் சூட்டுக்குத் தாங்காது. ஆர்க் வெல்டிங் மெல்லிய தகட்டைப் பொத்து, ஓட்டையைப் பெரிதாக்கிவிடும். கைதேர்ந்தவரின் கேஸ் வெல்டிங்கோ டிக் வெல்டிங்கோதான் வேண்டும். அதற்குமுன் உள்ளிருக்கும் எண்ணெய்க் கரியை அகற்றியாக வேண்டும். இல்லையேல் நெருப்புப் பட்டதும் சைலன்சரே கொள்ளிக்கட்டையாகும். அரித்த பகுதியை நல்ல தகடு தென்படும்வரை வெட்டி எடுத்து, அதே கனமுள்ள தகட்டை வளைத்துப் பொருத்த வேண்டும். விளிம்பைச் சுற்றியுள்ள குரோமையும் முன்பே தேய்த்தெடுக்க வேண்டும். நாகப்பூச்சுத் தகடு கூடாது; சூட்டில் கிளம்பும் புகை பற்றவைப்பவரைக் காய்ச்சலில் தள்ளும்.

இங்கே ஒரு சபலம் எழும்: இவ்வளவு செய்தோமே, மறுபடி குரோம் போட்டுவிட்டால் என்ன? குரோமுக்கு முன் பஃப் அடித்து மெருகேற்ற வேண்டும். மெருகேற்றுவது என்றால் தகட்டைத் தேய்ப்பதுதான். நாற்பது ஆண்டுத் தகடு அதைத் தாங்காமல் பத்து இடங்களில் ஊசித்துளை விடும். சூடு தாங்கும் கறுப்பு வண்ணம் அடித்து, ஒட்டு ஒட்டாகவே தெரியும்படி விடுவதையே நாங்கள் விரும்புகிறோம். செல்லரித்த ஏட்டில் எழுத்து சிதைந்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டிய பதிப்பாசிரியர்கள் நமக்குண்டு. சொந்தச் சரக்கை இட்டு நிரப்பி, மூலம் முழுமையாகக் கிடைத்தது என்று சாதித்தவர்களும் உண்டு. கண்காட்சி வண்டிகளைப் பார்க்கும்போது இரண்டாம் வகையினரே பெருகிவிட்டதாகத் தோன்றுகிறது.

மாற்றியே தீர வேண்டிய நிலையும் வரும். தட்டிய இடமெல்லாம் பொத்தென்றால், அல்லது அடிவயிறு நெடுக உதிர்ந்துவிட்டால், அதில் பற்றவைக்க இரும்பே இல்லை. ஓட்டைச் சைலன்சரோடு தெருவை அதிரவைப்பதை மரபுப் பேணல் என்று எவரும் சொல்லிக்கொள்ள வேண்டாம்; கைக்குழந்தையும் நோயாளியும் உள்ள தெருவில் அது வெறும் தொல்லை, சட்டப்படியும் குற்றம். அப்போதுகூட நகலுக்குப் போகுமுன் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் தேடலாம். நசுங்கியிருந்தாலும் துருவேறாத அசல் கிடைத்தால் நசுங்கலை எடுத்துவிடலாம். நகல்தான் என்று ஆகிவிட்டால், கழற்றிய அசலை எடைக்குப் போடாதீர்கள். நெடுக இரண்டாகப் பிளந்து, உட்குழாயின் நீளம், துளைகளின் எண்ணிக்கை, தடுப்புத் தகடுகளுக்கு இடையிலுள்ள தொலைவு எல்லாவற்றையும் அளந்து எழுதி வையுங்கள். அந்த அளவுத்தாளோடு நல்ல தகட்டு வேலைக்காரர் ஒருவரிடம் போனால், கடையில் தொங்குவதைவிட மேலான ஒன்றை அவரால் செய்து தர முடியும்.