நல்ல வால்வை எறியலாமா?

இருதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக் குழாய் மகாதமனி. சிலருக்கு அதன் அடிப்பாகம் பலூன் போல் வீங்கிவிடுகிறது. அகலம் 5.5 சென்டிமீட்டரைத் தொட்டால் ஆபரேஷன் செய்வது வழக்கம். விட்டுவைத்தால் குழாய் திடீரென்று கிழியலாம்; கிழிந்தால் பிழைப்பது கஷ்டம். 'மார்ஃபன்' என்ற பரம்பரைக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த வீக்கம் வாலிப வயதிலேயே வருவதுண்டு.

எப்படி ஆபரேஷன் செய்வது? இதில்தான் இரண்டு கட்சிகள்.

பெண்டால் முறை

ஹ்யூ பெண்டால், ஆன்டனி டி போனோ என்ற லண்டன் டாக்டர்கள் 1968-ல் வெளியிட்ட முறை இது. அடிப்பாகத்தில் உள்ள வால்வை அகற்றிவிட்டு, செயற்கை வால்வு பொருத்திய டாக்ரான் குழாயைத் தைக்கிறார்கள். இருதயத்துக்கே ரத்தம் ஊட்டும் இரண்டு சிறு குழாய்களையும் அதில் இணைக்கிறார்கள். எத்தனையோ உயிர்களைக் காத்த முறை!

ஆனால் இயந்திர வால்வு வைத்தவர், ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுவதும் 'வார்ஃபரின்' மாத்திரை சாப்பிட வேண்டும். மருந்து குறைந்தால் ரத்தம் கட்டிப் பாரிசவாயு வரலாம், கூடினால் ரத்தப்போக்கு. கர்ப்பிணிகளுக்கோ வயிற்றுச் சிசுவையே அது பாதிக்கலாம். மாட்டுத் திசுவால் ஆன வால்வு வைத்தால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அது நாளடைவில் தேய்ந்துவிடும். வாலிபர்களுக்குச் சீக்கிரமே தேயும்.

டேவிட் முறை

வீங்கியது குழாய்தானே? வால்வின் மூன்று இதழ்களும் நன்றாக இருந்தால் அதை ஏன் எறியவேண்டும்? இப்படிப் பிறந்ததுதான், டொரான்டோ சர்ஜன் டைரோன் டேவிட் 1992-ல் வெளியிட்ட முறை. சொந்த வால்வை அப்படியே வைத்துக்கொண்டு, அதைப் புதுக் குழாயின் உள்ளே தைத்துவிடுகிறார்கள். லண்டனில் மக்தி யாக்கூப் கையாண்ட முறையிலும் சொந்த வால்வு பிழைக்கிறது. ஆனால் அதன் அடி வளையத்துக்குப் பிடிமானம் இல்லாததால் பின்னால் அது விரியக்கூடும்.

எது மேல்?

டேவிட் முறை எளிதல்ல. நேரம் பிடிக்கும், தையல் சிறிது பிசகினாலும் வால்வு ஒழுகும். மறுபடியும் மேஜையில் படுக்க நேரலாம். வால்வு கெட்டுப்போனவருக்கும், வயது முதிர்ந்தவருக்கும், கைதேர்ந்த சர்ஜன் கிடைக்காதவருக்கும் பெண்டால் முறையே பத்திரம்.

ஆனால் வாலிபர், வால்வும் நல்லது, பழகிய கையும் கிடைக்கிறது என்றால், அதை வெட்டி எறிவது நியாயமாகாது. சுவர் சரிந்தால் சுவரைத்தான் கட்டவேண்டும்; நல்ல கதவையும் பெயர்த்து எறிவானேன்?

ஆகவே கையெழுத்துப் போடும் முன் நோயாளி தயங்காமல் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு: "என் வால்வு பிழைக்குமா? இந்த ஆபரேஷனை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?" நல்ல டாக்டர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.